ஒரு வயதுக்கு முன்னே காட்டுங்கள்: பிள்ளைகளின் மூளை முடக்குவாதம்

கற்பிட்டி, பாலாவி, முந்தல் பக்கத்துத் தாய்மாரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இது. ஐந்து மாதமாகியும் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. "சில பிள்ளைகள் மெதுவாத்தான் வளரும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். தண்ணீர் ஓதி, நூல் கட்டி, எண்ணெய் பூசி, இரண்டு வயதும் தாண்டிய பிறகுதான் வைத்தியசாலை. ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்காகக் கிளினிக்கைத் தள்ளிப் போடாதீர்கள்.

மூளை முடக்குவாதம் கண்ணூறால் வருவதில்லை, தொற்றுவதுமில்லை. கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த புதிதிலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு அது. குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் போன்றவை காரணமாகலாம். தாயைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். மூளையின் பாதிப்பு கூடிக்கொண்டு போகாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசை இறுகும், மூட்டு மடங்கும், இடுப்பு மூட்டு விலகும்.

4 மாதத்தில் தலை நிற்காமை, 9 மாதத்தில் தனியே உட்காராமை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தல், கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளுதல், பால் குடிக்கையில் அடிக்கடி புரையேறுதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள்.

குடும்ப நல உத்தியோகத்தர் தந்த பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தடுப்பூசிக்கு மட்டுமான கொப்பி அல்ல. வளர்ச்சிப் படிகளுக்கான பக்கத்தை அவரோடு இருந்து நிரப்புங்கள். அதை சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டி, புத்தளம் அல்லது சிலாபம் வைத்தியசாலையின் குழந்தை நல வைத்திய நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது; கடிதம் வேண்டும். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த 'அயதி' நிலையம் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. அங்கே அனுப்பலாமா என்று நிபுணரிடம் கேளுங்கள்.

முற்றாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். பயிற்சிதான் வழி. பிசியோதெரபி கிளினிக்கில் காட்டித்தந்ததை வீட்டில் தினமும் செய்யவேண்டும். படுக்கவைத்து உணவூட்டாதீர்கள், நிமிர்த்தி இருத்தி ஊட்டுங்கள். இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுக்கவேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைக்கு வலிப்பு மருந்து தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கும் சக்கர நாற்காலிக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணவேண்டும். பிறப்புச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பெற்றோரின் அடையாள அட்டை ஆகியவற்றைப் பிரதிகளோடு கொண்டுபோங்கள். "ஐயா வெளிக்கள வேலைக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்க" என்ற ஒரு பதிலுக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டித் தாய் எத்தனை தரம் பஸ் ஏறுவது? இப்படி அலைக்கழிப்பவர்களுக்கு மனச்சாட்சி வேண்டும். முன்கூட்டியே கோல் எடுத்து நாளைக் கேளுங்கள். விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அங்கிருந்து வரும் சிங்களக் கடிதம் புரியாவிட்டால் தமிழில் கேளுங்கள். அது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்த உரிமை.

"இந்தப் பிள்ளையைச் சேர்க்க ஏலாது" என்று பாடசாலை சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் முறையிடுங்கள். இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்வதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. மாகாண மேல் நீதிமன்றம் வரை போகலாம்.

மீண்டும் சொல்கிறேன்: மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டில் தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். "பெருநாள் முடியட்டும்" என்று தள்ளாமல் இந்த வாரமே பதிவேட்டோடு போங்கள்.