ஒரே பக்கம்... விதவிதமான சட்டை!

1990-களின் இணையதளங்களுக்குள் எட்டிப் பார்த்தால், கட்டம் கட்டமாக 'டேபிள்'கள்தான் இருக்கும். பட்டியல் போடத் தந்த வசதியை வைத்து முழுப் பக்கத்தையும் அடுக்கினார்கள். தோற்றத்தை மாற்ற வேண்டுமா? பக்கம் பக்கமாகத் திருத்த வேண்டும். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளோ, கட்ட வரிசையில் படித்துக் குழப்பியது.

ஹோகோன் வியூம் லீ 1994-ல் முன்மொழிந்த சி.எஸ்.எஸ்., 1996-ல் தரநிலையானது. விஷயம் ஒரு கோப்பில், அலங்காரம் இன்னொரு கோப்பில். 'இதில் அழகு வராது' என்று பலர் தயங்கினார்கள்.

2003-ல் கனடாவின் டேவ் ஷே 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' தளத்தைத் தொடங்கினார். ஹெச்.டி.எம்.எல். பக்கத்தைத் தொடக் கூடாது, சி.எஸ்.எஸ்ஸை மட்டும் மாற்றலாம் என்பது விதி. ஒவ்வொருவர் கையிலும் அதே பக்கம் அடையாளமே தெரியாமல் மாறியது. தயக்கம் உடைந்தது. டேபிள் மெல்ல மெல்லப் பட்டியல் போடும் வேலைக்கே திரும்பியது.