ஈயக்குட்டையில் மயில் மீன்

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பள்ளங்கள் இன்று குட்டைகளாக நிற்பதை நாம் அறிவோம். 1985இல் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இக்குட்டைகளில் தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் மீன் 'பீகாக் பாஸ்' என்னும் மயில் மீன். வாலடியில் மயிற்கண் போன்ற புள்ளி இருப்பதால் இந்தப் பெயர். அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆறு. 1990களில் நம் நாட்டு நீர்நிலைகளுக்கு வந்து சேர்ந்தது.

இம்மீன் பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும். ஆகவே புழு வேண்டாம். முள்ளில் இறகைக் கட்டி, குஞ்சு மீன் ஓடுவதுபோல் வெட்டி வெட்டி இழுத்தால் பாய்ந்து கவ்வும். இறகுக்குக் கனமில்லை, கனமான தூண்டில் கயிறே அதைத் தூரம் கொண்டு செல்கிறது. எனவே கரையில் நின்றே வீசலாம். குட்டையின் மணற்கரை திடீரென ஆழமாகும். பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள்.

மற்றொன்றும் உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காப்பதால் இம்மீன் எளிதில் பெருகும். பெருகினால் நாட்டு மீன்களைத் தின்று குறைத்துவிடும். அழகாக இருக்கிறதே என்று வாளியில் உயிரோடு கொண்டுபோய்த் தோட்டத்து ஆற்றில் விடலாமா? கூடாது. ஒரு சோடி போதும், நம் ஆற்று மீன்களுக்கு ஆபத்து வந்துவிடும். இதை நம் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வைப்போம்.