கார் இல்லாத குடும்பத்துக்குக் கடற்கரைச் சுற்றுலா: விடுதியைத் தேர்வு செய்வது எப்படி?

திருப்பதி: விடுமுறை நெருங்கினால் திருப்பதி, சித்தூர் பகுதிப் பிள்ளைகள் பலரும் கேட்பது கடல் பார்க்க வேண்டும் என்பதுதான். சொந்தக் கார் உள்ள குடும்பம் எந்த விடுதியில் தங்கினாலும் சமாளித்துக்கொள்ளும். ரயிலையும் பேருந்தையும் நம்பிப் புறப்படும் குடும்பத்துக்கு அப்படியல்ல. கைக்குழந்தை, முதியவர், நான்கைந்து பைகளுடன் இறங்கும் அவர்களுக்கு, விடுதி அமைந்திருக்கும் இடமே பயணத்தின் செலவையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது.

பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டு, புதிய திருப்பதி மாவட்டம் உருவானபோது, நெல்லூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதிகள் சில அதனுடன் இணைக்கப்பட்டன. வாக்காடு மண்டலத்தில் உள்ள தூப்பிலிபாளையம் கடற்கரை அவ்வாறு வந்ததே. எனினும் அது கிராமப்புறக் கடற்கரை. பேருந்தில் செல்வோர் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை உறுதி செய்துகொண்டு, பகல் பயணமாகச் சென்று வருவதே நல்லது. இரவு தங்கும் சுற்றுலாவுக்குப் பெரும்பாலானோர் சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி ஆகிய இடங்களையே நாடுகின்றனர்.

எந்தத் தூரம் முக்கியம்?

விடுதி விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது "கடற்கரைக்கு மிக அருகில்" என்ற வாசகம். கார் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு தூரம் போதாது. பேருந்து நிலையம் அல்லது ரயில் நிலையம், இரவு 9 மணிக்கும் திறந்திருக்கும் உணவகம், மருந்துக் கடை ஆகியவற்றுக்கு உள்ள தூரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவை அனைத்தும் நடக்கும் தொலைவில் இருந்தால், கடல் சற்றுத் தள்ளி இருந்தாலும் குறையில்லை. கடல் மட்டும் அருகிலிருந்து மற்றவை தொலைவில் இருந்தால், பொழுது சாய்ந்த பின் குடும்பம் அறைக்குள்ளேயே முடங்க நேரிடும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வாகனத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியும் எழும்.

முன்பதிவுச் செயலிகள் காட்டும் தூரம் பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரமே. இடையில் உப்பங்கழியோ நெடுஞ்சாலையோ இருந்தால் நடக்க வேண்டிய தொலைவு பல மடங்காகலாம். எனவே, பணம் செலுத்தும் முன் வரைபடத்தில் நடைபாதை வழியைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது அவசியம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் உள்ள விடுதிகளில் கூடுதல் கவனம் தேவை. வாகனங்கள் வேகமாக விரையும் அந்தச் சாலையில், இருட்டிய பின் குழந்தைகளுடன் உணவகம் தேடி நடப்பது ஆபத்தானது.

சென்னை:

திருப்பதியிலிருந்து சப்தகிரி, கருடாத்ரி விரைவு ரயில்கள் சென்னை சென்ட்ரலுக்குச் செல்கின்றன. சித்தூர்வாசிகள் காட்பாடி சென்று அங்கிருந்து சென்ட்ரல் செல்லும் ரயில்களைப் பிடிக்கலாம். சென்ட்ரலை ஒட்டியுள்ள பூங்கா நகர் நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் நிலையங்களில் இறங்கி மெரினாவுக்கு நடந்து செல்லலாம். அதனால் திருவல்லிக்கேணியில் தங்குவது வசதி. ஆனால், அப்பகுதியில் "மேன்ஷன்" என அழைக்கப்படும் விடுதிகள் பெரும்பாலும் தனியாக வசிக்கும் ஆண்களுக்கானவை. குடும்பத்தினருக்கு அறை தருவார்களா என்பதைக் கேட்டறிந்த பிறகே பதிவு செய்ய வேண்டும். மெரினாவில் கடலில் குளிப்பதற்குத் தடை உள்ளது என்பதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மாமல்லபுரம்:

மாமல்லபுரத்துக்கு ரயில் நிலையம் இல்லை. சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செல்ல வேண்டும். பேருந்திலேயே வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆந்திரப் பேருந்துகள் வந்து சேரும் மாதவரம் சென்னையின் வடக்கே உள்ளது. மாமல்லபுரமோ நகரின் தெற்கே. பைகளுடன் மாநகரம் முழுவதையும் கடக்க வேண்டியிருக்கும் என்பதால் செங்கல்பட்டு வழியே எளிது.

ஊருக்குள் சென்றுவிட்டால் கார் தேவைப்படாது. பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் தங்கினால் அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில், மணற்பரப்பு, உணவகங்கள் அனைத்தும் நடக்கும் தொலைவிலேயே இருக்கும். ஊருக்கு வெளியே உள்ள சொகுசு விடுதிகளில் நீச்சல் குளமும் புல்வெளியும் இருக்கலாம். ஆனால், ஒவ்வொரு முறை வெளியே செல்லவும் ஆட்டோவை அழைக்க வேண்டும். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரை சுமார் 20 கி.மீ. வடக்கே உள்ளது. அங்கு அரைநாள் சென்று வரலாம்.

புதுச்சேரி:

கார் இல்லாத குடும்பத்துக்கு மிகவும் ஏற்ற ஊர் புதுச்சேரி எனலாம். திருப்பதியிலிருந்து நேரடி ரயில் உண்டு. சித்தூர்வாசிகள் காட்பாடி, வேலூர் வழியாக விழுப்புரம் சென்று அங்கிருந்து மாறிக்கொள்ளலாம். புதுச்சேரி ரயில் நிலையம் நகருக்குள்ளேயே, கடற்கரைச் சாலைக்கு அருகில் அமைந்துள்ளது. நேர்க்கோட்டுத் தெருக்கள் என்பதால் வழி தவறும் அச்சமும் இல்லை. மாலை முதல் மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் கவலையின்றி நடக்கலாம்.

ஆனால், மணலில் விளையாட விரும்பும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் காத்திருக்கலாம். 1980-களில் துறைமுகத்துக்காக அமைக்கப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்வதைத் தடுத்தன. இதனால் நகரக் கடற்கரை அரிக்கப்பட்டு, கரையோரம் பாறைகள் கொட்டப்பட்டன. பின்னர் கடலுக்கடியில் அமைக்கப்பட்ட செயற்கைத் திட்டின் பயனாகத் தலைமைச் செயலகம் அருகே ஓரளவு மணல் திரும்பியுள்ளது. அகன்ற மணல்வெளி வேண்டுவோர் 2021-ல் நீலக்கொடி பெற்ற சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கோ, சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் செல்லும் பாரடைஸ் கடற்கரைக்கோ செல்லலாம். அதற்காக அங்கேயே அறை எடுக்க வேண்டியதில்லை. நகருக்குள் தங்கி ஒருநாள் மட்டும் ஆட்டோவிலோ பேருந்திலோ சென்று வருவது சிக்கனம். புதுச்சேரியில் ஆசிரமம் சார்ந்த விடுதிகளை நாடுவோர், இரவில் கதவு மூடும் நேரம் உள்ளிட்ட விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

ஆந்திரக் கடற்கரைகள்:

மாநிலத்துக்குள்ளேயே செல்ல விரும்புவோருக்கு நெல்லூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் மைப்பாடும், பாபட்லா ரயில் நிலையத்திலிருந்து சுமார் 9 கி.மீ. தொலைவில் சூர்யலங்காவும் உள்ளன. சூர்யலங்காவில் ஆந்திர சுற்றுலாக் கழகத்தின் விடுதி கடலை ஒட்டியே அமைந்துள்ளது. இத்தகைய இடங்களில் விடுதியிலேயே உணவு கிடைக்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய "ஸ்திரீ சக்தி" திட்டத்தின்கீழ், ஆந்திரப் பெண்கள் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண, எக்ஸ்பிரஸ் வகைப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். மாநிலங்களுக்கு இடையே செல்லும் பேருந்துகளுக்கு இச்சலுகை பொருந்தாது. எனவே, பெண்கள் அதிகமுள்ள குடும்பத்துக்கு நெல்லூர்க் கடற்கரையின் பயணச் செலவு கணிசமாகக் குறையும்.

வாடகை மட்டுமே செலவல்ல:

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஊரின் நடுவே நாள் வாடகை 2,800 ரூபாய்க்கு ஓர் அறையும், 6 கி.மீ. தள்ளி 2,000 ரூபாய்க்கு ஓர் அறையும் இருப்பதாகக் கொள்வோம். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதையும் சேர்த்தால் முதல் அறைக்கு 2,940 ரூபாய், இரண்டாவதற்கு 2,100 ரூபாய். காலையில் சென்று மதியம் ஓய்வுக்குத் திரும்பி, மாலையில் மீண்டும் சென்று வர நான்கு ஆட்டோ பயணங்கள் தேவை. ஒருமுறைக்கு 200 ரூபாய் என்றாலும் 800 ரூபாய். ஆக, தொலைவிலுள்ள அறையின் உண்மையான செலவு 2,900 ரூபாய். மிச்சம் 40 ரூபாய் மட்டுமே. இரவில் ஆட்டோ கட்டணம் கூடினால் அதுவும் இல்லை.

பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டியவை:

வாடகை 24 மணி நேரத்துக்கா, நண்பகல் முதல் நண்பகல் வரையா என்பதைக் கேட்க வேண்டும். காலையிலேயே சென்றடைந்தால் அறை தயாராகும் வரை பைகளை வைத்துக்கொள்வார்களா என்பதும் முக்கியம். பைகளைப் பூட்டிவைக்கக் கார் இல்லை அல்லவா? முதியவர்கள் இருந்தால் லிஃப்ட் அல்லது தரைத்தள அறை, குழந்தை இருந்தால் கூடுதல் படுக்கைக்கான கட்டணம், பால் காய்ச்சவும் வெந்நீருக்கும் வசதி ஆகியவற்றையும் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளலாம். பெரியவர்கள் அனைவரும் அசல் அடையாள அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும்.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்னரே தொடங்குகிறது. முதலில் ரயில், பிறகு அறை என்ற வரிசையே பாதுகாப்பானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரக்கூடிய காலம் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பொங்கலை ஒட்டிச் செல்வோர் காணும் பொங்கல் அன்று மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் பெருங்கூட்டம் திரளும் என்பதைக் கணக்கில் கொள்வது அவசியம்.

வங்கக் கடலோரத்தில் அலைகளின் இழுவிசை வலுவானது. உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில், விடுதியின் பின்வாசலிலேயே கடல் இருந்தாலும் பிள்ளைகளை இறங்க விடக்கூடாது. அறையைப் பதிவு செய்யும்போதே அருகில் உள்ள மருத்துவமனையின் பெயரையும் குறித்துக்கொண்டால், அவசரத்தில் வழி கேட்டு அலைய வேண்டியிராது.