ஒரே கம்பி... மூன்று காதுகள்!



சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவில் நடந்த மெல்லிசை நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். கீபோர்டு கேட்டது. டிரம்ஸ் கேட்டது. பேஸ் கிட்டார் வயிற்றுக்குள் புகுந்து 'தும் தும்' என்று இடித்தது. மேடை ஓரத்தில் ஒருவன் எலக்ட்ரிக் கிட்டாருடன் நின்றானே, அவன் வாசித்தது கேட்டதா? கேட்டிருக்காது. அந்த ஒருவன் நான்தான்!

"டேய், நீ வாசிச்சியா, இல்ல சும்மா நின்னியா?" என்று ஹாஸ்டலில் கேட்காத ஆள் இல்லை. நான் வால்யூமைக் கூட்டித்தான் பார்த்தேன். சத்தம் கூடியது, தெளிவு கூடவில்லை. இத்தனைக்கும் ரூமில் தனியாக வாசித்தால் தேன் மாதிரி இருக்கும்.

இரண்டு விடுமுறை வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய பழைய கிட்டார் அது. ஒரு கடையில் காட்டினேன். "பிக்கப் சரியில்ல தம்பி. மூணையும் மாத்திடு. ஆறாயிரம் ஆகும்" என்றார்கள். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். ஆறாயிரத்துக்கு அவர் எத்தனை நாள் சாரத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கு எனக்குத் தெரியும். கேட்டால் கொடுத்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம்! ஆகவே கேட்பதற்கு முன், குறை நிஜமாகவே பிக்கப்பில்தானா என்று சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். அந்தச் சோதனையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிக்கப் என்பது என்ன?

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலை நாம் முதல் வருடமே படித்து, பரீட்சையும் எழுதி, மறந்தும் போய்விட்டோம். எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் முழுக்க முழுக்க அந்தப் பாடம்தான். நடுவில் காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி போன்ற எனாமல் செம்புக் கம்பி, ஏறக்குறைய 8,000 சுற்று. அதற்கு மேலே எஃகுக் கம்பி. கம்பி அதிரும்போது காயிலுக்குள் காந்தப்பாயம் மாறுகிறது. காயிலின் முனைகளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது. அவ்வளவே!

பிக்கப் ஒரு மைக் அல்ல. காற்றில் வரும் ஒலியை அது வாங்குவதில்லை. தனக்கு நேர் மேலே இருக்கும் அந்தச் சிறு துண்டுக் கம்பி எப்படி ஆடுகிறது என்பதை மட்டுமே அது கவனிக்கிறது. நைலான் கம்பி மாட்டினால் ஒரு சத்தமும் வராது. இந்த 'சிறு துண்டு' என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

என் கிட்டார் 1954-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் செய்யப்பட்டது. கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் ஒரு பிக்கப், கழுத்துப் பக்கம் (நெக்) ஒன்று, நடுவில் ஒன்று. அதை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்றால் நம்புவீர்களா? கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். நம்ம ஆள்!

மல்டிமீட்டர் சொன்ன சேதி

லேபில் மல்டிமீட்டரை எடுத்து, கிட்டார் கேபிளின் முனையில் வைத்து, செலக்டர் ஸ்விட்சின் ஐந்து நிலைகளிலும் அளந்தேன். கிலோ ஓமில் வந்த அளவுகள்: 5.8, 2.9, 5.9, 2.9, 5.8.

2.9-ஐப் பார்த்ததும் 'ஆகா, ஷார்ட்!' என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற நண்பன் சிரித்தான். "ரெண்டு ரெசிஸ்டர் பேரலல்ல இருந்தா பாதிதானேடா வரும்?" உண்மைதான். 2, 4 ஆகிய நிலைகளில் இரண்டிரண்டு பிக்கப்புகள் பேரலலில் இணைகின்றன.

அதைவிட முக்கியமான சேதி வேறொன்று. மூன்று பிக்கப்பும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. எந்தக் காயிலும் அறுந்து போகவில்லை. ஆனால் காதுக்கு மூன்றும் வேறு வேறாகக் கேட்கின்றனவே? நெக் பிக்கப் கனமாக, இனிமையாக. பிரிட்ஜ் பிக்கப் மெலிந்து, கூர்மையாக. ஒரே மாதிரி காயில், அதே கம்பி, அதே விரல். மாறியது ஒன்றே ஒன்றுதான்: பிக்கப் இருக்கும் இடம்!

அப்பாவின் நூல்

இடம் மாறினால் ஒலி ஏன் மாற வேண்டும்? இதற்கு விடை விடுமுறையில் அப்பாவுடன் வேலைக்குப் போனபோது கிடைத்தது. செங்கல் வரிசை நேராக வர, சுவரின் இரு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுவார். சும்மா இருக்காமல் அதைச் சுண்டினேன். நடுவில் நூல் அகலமாக ஆடியது. ஆணிக்குப் பக்கத்தில் ஆட்டமே தெரியவில்லை. விரலை வைத்தால் 'கிர்ர்' என்று சின்ன நடுக்கம் மட்டும் இருந்தது. "நூலைச் சுண்டாதடா, வரிசை கோணப் போவுது!" என்று சத்தம் போட்டார். அவர் திட்டியது காதில் ஏறவில்லை. கிட்டார் கம்பி கண்முன்னே நின்றது.

கம்பி ஒரே நேரத்தில் பல விதமாக ஆடுகிறது. முழு நீளமும் ஒன்றாக ஆடுவது அடிப்படைச் சுரம். இரண்டு பாதியாக, மூன்று பங்காக, நான்கு பங்காக ஆடுபவை ஹார்மோனிக்குகள். திறந்த ஏ கம்பியின் அடிப்படை 110 ஹெர்ட்ஸ் என்றால், அதனுடன் 220, 330, 440 என்று எல்லாம் சேர்ந்தே ஒலிக்கின்றன. பெரிய ஆட்டம் நடுவில்தான். முனையை நெருங்க நெருங்க அது அடங்கிவிடும். பங்கு பங்காக ஆடும் சின்ன ஆட்டங்கள் முனைக்குப் பக்கம் வரை எட்டிப் பார்க்கும். ஆகவே முனையருகே இருக்கும் பிரிட்ஜ் பிக்கப் காதில் அவைதான் தூக்கலாக விழுகின்றன.

சிறு கணக்கு

கணக்கில்லாமல் டிப்ளமோ மாணவனின் கட்டுரை உண்டா? ஸ்ட்ராட்டோகாஸ்டர் கம்பியின் நீளம் 648 மி.மீ. பிரிட்ஜிலிருந்து நெக் பிக்கப் சுமார் 162 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, அதாவது கால் பங்கு. பிரிட்ஜ் பிக்கப் சாய்வாக இருப்பதால் சராசரியாக 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. ஹார்மோனிக் எண்ணை 180 டிகிரியால் பெருக்கி, அதை இந்தப் பங்கால் பெருக்கி, சைன் எடுத்தால், அந்த ஹார்மோனிக்கின் ஆட்டத்தில் எவ்வளவு அந்த இடத்தில் தெரியும் என்பது கிடைக்கும்.

நெக் பிக்கப்பில் முதல் நான்கும்: 0.71, 1.00, 0.71, 0.
பிரிட்ஜ் பிக்கப்பில்: 0.20, 0.38, 0.56, 0.71.

நெக்கில் அடிப்படை ஓங்கி நிற்கிறது. நான்காவது அடியோடு காணோம்! பிரிட்ஜில் அடிப்படை சுருங்கிக் கிடக்கிறது. நான்காவது அதைப்போல் மூன்றரை மடங்கு. 'கனம்', 'கூர்மை' என்று காது சொன்னதைத்தான் கால்குலேட்டரும் சொல்கிறது. கம்பியை ஃபிரெட்டில் அழுத்தினால் நீளம் மாறும், கணக்கும் மாறும். ஆனால் போக்கு மாறாது.

நம்பிக்கை இல்லையா? நீங்களே செய்து பாருங்கள். திறந்த ஏ கம்பியை ஐந்தாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே அழுத்தாமல் லேசாகத் தொட்டுச் சுண்டுங்கள். கோயில் மணி போல் நான்காவது ஹார்மோனிக், 440 ஹெர்ட்ஸ், ஒலிக்கும். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை பிரிட்ஜிலிருந்து நெக்குக்குத் தள்ளுங்கள். தலையணையைப் போட்டு அமுக்கியது போல் அடங்கிவிடும். திரும்பத் தள்ளினால் திரும்ப வரும். முதல் முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது!

நான் செய்த தவறு

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ரூமில் தேனாக இருக்கிறதே என்று நான் எப்போதும் நெக் பிக்கப்பிலேயே வாசித்தேன். மேடையிலும் அதே. ஆனால் அங்கே அந்தக் கீழ்ச்சுரங்களில் பேஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் ஏற்கெனவே இருந்தன. பஸ்ஸில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டில் மூன்றாவதாக நானும் போய் நெருக்கினேன். காலியாக இருந்த மேல் பகுதிக்குப் போக, ஸ்விட்சை நகர்த்தினால் போதும் என்று தெரியவில்லை. தனியாக நன்றாக இருக்கும் ஒலி வேறு, கூட்டத்தில் நன்றாக இருக்கும் ஒலி வேறு!

ஐந்து நிலைகளும் அவற்றின் குணமும்

1. பிரிட்ஜ்: கூர்மை. கூட்டத்தை வெட்டிக்கொண்டு வரும். டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்க ஏற்றது. டிஸ்டார்ஷன் இல்லாமல் தனியாக வாசித்தால் காதைக் குத்தும். டோன் குமிழைச் சற்றுக் குறைக்கலாம்.

2. பிரிட்ஜும் மிடிலும்: மணி போன்ற தெளிவு. இரண்டு இடங்களில் கேட்பதால் சில ஹார்மோனிக்குகள் ஒன்றை ஒன்று குறைத்துவிடுகின்றன. நடுவில் குடைந்தது போன்ற ஒலி வருகிறது. பலர் இதை 'அவுட் ஆஃப் ஃபேஸ்' என்பார்கள். அது தவறு, காயில்கள் இரண்டும் ஒரே ஃபேஸில்தான் இணைகின்றன. கார்டு வாசிக்க அருமை.

3. மிடில்: நடுத்தரம். பாடகருக்குப் பின்னால் தாளம் தட்டி வாசிக்க நல்லது.

4. மிடிலும் நெக்கும்: இரண்டாவதைப் போலவே குடைந்த ஒலி; ஆனால் இன்னும் உருண்டை. மெதுவான பாட்டில் தனித்தனிச் சுரமாக வாசித்துப் பாருங்கள்.

5. நெக்: கனம், இனிமை. மெல்லிய சோலோவுக்கு. கூட்டத்தில் கார்டு வாசித்தால் என் கதிதான்!

1954-ல் வந்த ஸ்விட்சில் மூன்றே நிலைகள்தாம். வாசிப்பவர்கள் அதை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி இடைநிலை ஒலிகளைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். 1977-ல்தான் ஃபெண்டர் நிறுவனம் ஐந்து நிலை ஸ்விட்சைப் பொருத்தியது. மார்க் நாப்ஃப்ளர் பெயர் வாங்கியது இந்த இடைநிலை ஒலியில்தான்.

ஒற்றைக் காயில் பிக்கப்புகளில் ஒரு தொல்லை உண்டு. கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அவை வாங்கி 'ம்ம்ம்' என்று முனகும். இதற்கு கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வழிதான் ஹம்பக்கர். இரண்டு காயில், சுற்றும் எதிர், காந்தமும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகி அழிந்துவிடும். கம்பியின் சிக்னல் மட்டும் கூடிவிடும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயரில் காமன் மோட் சிக்னல் அழிகிறதே, அதே தத்துவம்! இரண்டு காயிலும் சேர்ந்து கம்பியின் அகலமான பகுதியைக் கேட்பதால் கூர்மை குறைந்து கனம் கூடும்.

காசில்லாத வைத்தியம்

புது பிக்கப் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

உயரம்: பிக்கப்பின் இரு பக்கத் திருகுகளால் உயரத்தை மாற்றலாம். கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். மிக அருகில் வைத்தால் காந்தம் கம்பியை இழுத்து சுருதியையே கெடுக்கும். நெக் பக்கம் ஆட்டம் அதிகம் என்பதால் அதைக் கொஞ்சம் தாழ்த்தினால் மூன்றும் சமமாகும்.

சுண்டும் இடம்: பிக்கப்பைப் போலவே விரலுக்கும் இடம் உண்டு. பிரிட்ஜ் பக்கம் சுண்டினால் கூர்மை, நெக் பக்கம் சுண்டினால் மென்மை. ஐந்து நிலைகளையும் இதனுடன் சேர்த்தால் எத்தனை நிறங்கள்!

கேபிள்: கேபிளும் ஒரு கெபாசிட்டர்தான். நீளம் கூடினால் கூர்மை குறையும். தேவைக்கு மேல் நீளம் வேண்டாம்.

நான் பிக்கப் உயரத்தைச் சரி செய்தேன். ஸ்விட்சை இரண்டாம் நிலைக்கு மாற்றினேன். செலவு, ஒரு ஸ்க்ரூ டிரைவரை இரவல் வாங்கியது! சென்ற வாரம் ஒத்திகையில் நான் வாசித்த முதல் கார்டுக்கே டிரம்ஸ் நண்பன் திரும்பிப் பார்த்து, "டேய், எப்படா புது கிட்டார் வாங்குன?" என்றான். அப்பாவிடம் ஆறாயிரம் கேட்கவே இல்லை. அவருக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. அவர் கட்டிய நூலில்தான் எனக்குப் பாடம் புரிந்தது என்பதும் தெரியாது. இந்த மலரை எடுத்துப்போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நாளில்தான் இந்த ஆண்டு விழாவும். மாலையில் மெல்லிசை நிகழ்ச்சி உண்டு. மேடை ஓரத்தைக் கவனியுங்கள். இந்த முறையும் என் கிட்டார் கேட்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள் நண்பர்களே. ஆனால் பிக்கப்பைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள்!