ரேடியோ வானியல் தரவுகளும் நிரல் நூலகப் பராமரிப்பும்

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவோடு சாய்ந்து அமைந்துள்ள 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 1970ஆம் ஆண்டு விண்ணின் ரேடியோ அலைகளைப் பதியத் தொடங்கியது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அதனை அமைத்த குழுவே பின்னர் புனேக்கு வடக்கே, கோடாட் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு, 45 மீட்டர் விட்டமுடைய 30 அலைவாங்கிகளால் ஆன மாபெரும் மீட்டரலைத் தொலைநோக்கியையும் நிறுவியது. இவற்றின் பெருமை பலரும் அறிந்ததே. இவை திரட்டும் தரவுகளைப் படித்தறிய உதவும் நிரல் நூலகங்களைப் பேணுவோரின் உழைப்போ அதிகம் பேசப்படுவதில்லை.

கோடாட் தொலைநோக்கி நேரடியாகத் தருவது படமன்று, எண்களே. 30 அலைவாங்கிகளை இரண்டிரண்டாக இணைத்தால் 435 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையும் பெற்ற அலைகளை ஒப்பிட்டு வரும் எண்கள் தொடர்ந்து பதிவாகின்றன. மனிதர் எழுப்பும் ரேடியோ இரைச்சலை நீக்கி, அயனி மண்டலத்தால் நேரும் திரிபைத் திருத்தி, அவ்வெண்களை வானின் படமாக்குவது மென்பொருளின் பணி. இப்பணிக்கெனப் பலரும் எடுத்தாளும் வகையில் எழுதித் தொகுக்கப்பட்ட நிரல்களையே நிரல் நூலகம் என்கிறோம். காசா என்னும் மென்பொருளுக்கு அடித்தளமாக விளங்கும் காசாகோர் அத்தகையது.

இதன் பயனுக்கு ஒரு சான்று கூறலாம். 2010 முதல் 2012 வரை கோடாட் தொலைநோக்கி 150 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் வானை அளந்தது. ஹூப் இன்டெமாவும் அவர்தம் குழுவினரும் அயனி மண்டலத் திரிபை நுணுக்கமாகத் திருத்தும் நிரலைக் கொண்டு அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, 2017இல் ஏறத்தாழ 6,20,000 ரேடியோ மூலங்களின் பட்டியலை வெளியிட்டனர். ஆனால் அந்நிரல் எழுதப்பட்டிருந்தது பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில். அப்பதிப்பைப் பேணும் பணி 2020 சனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. கணக்கில் குற்றமில்லாத நிரலும், தான் சார்ந்த மொழி மாறும்போது இவ்வாறு பயன்படுத்த இயலாததாகிவிடக் கூடும்.

நிரல் மட்டுமன்று, அதனோடு இணைந்த அட்டவணைகளும் பழையனவாகும். புவியின் சுழற்சி சீரானதன்று. அதனால் 1972 முதல் 2016 வரை உலக நேரத்தில் 27 நொடிகள் சேர்க்கப்பட்டன. ஒரு நொடியை நூலகம் அறியாதிருப்பின் விண்பொருளின் இடம் 15 விகலை வரை, அதாவது ஒரு பாகையின் 240இல் ஒரு பங்கு வரை, பிழைபடும். கோடாட் தொலைநோக்கி சில விகலை இடைவெளியையே பிரித்தறியும் ஆற்றலுடையது. இத்தகைய திருத்தம் வானியலுக்குப் புதிதன்று. கி.பி. 964இல் தம் விண்மீன் நூலை இயற்றிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, தாலமியின் பட்டியலிலுள்ள நெட்டாங்குகளோடு 12 பாகை 42 கலையைக் கூட்டியே தம் காலத்துக்கு ஏற்றதாக்கினார்.

கருவி மாறினாலும் நிரல் மாறவேண்டும். கோடாட் தொலைநோக்கி மேம்படுத்தப்பட்டபோது அது ஒரே வேளையில் பதியும் அலைப்பட்டையின் அகலம் 32 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்தது. குறுகிய பட்டைக்கென எழுதிய முறைகள் அதற்குப் போதவில்லை.

எனினும் புதுப்பித்தலிலும் இடர் உண்டு. ஒரு சிறு மாற்றம் விடையை ஓசையின்றி மாற்றிவிடலாம். ஆதலின் விடை தெரிந்த பழைய தரவைப் புதிய பதிப்பில் இட்டுச் சோதிப்பதும், ஆய்வுரையில் பதிப்பெண்ணைக் குறிப்பதும் இன்றியமையாதன. 1981இல் அறிவிக்கப்பட்ட ஃபிட்ஸ் கோப்பு முறை, ஒருமுறை முறையாக எழுதப்பட்ட கோப்பு எக்காலத்தும் செல்லுபடியாக வேண்டும் என்பதை விதியாகவே கொண்டுள்ளது.

விண்ணில் ஒருமுறை தோன்றி மறைந்த ஒளிர்வை மீண்டும் அளக்க இயலாது. அதற்கு எஞ்சும் சான்று பதிவான எண்களே. அவற்றைப் படிக்க நிரல் வேண்டும். தொலைநோக்கிக்குப் பெரும்பொருள் ஒதுக்கும் நிறுவனங்கள் நிரல் பேணுவோர்க்கும் நிலையான பணியும் ஊதியமும் வழங்குதல் கடமையாகும். கணினி பயிலும் நம் இளைஞர்களும் இத்துறையை நாடலாம். இந்நூலகங்கள் பலவற்றின் மூலநிரல் எவரும் கற்கவும் திருத்தம் அளிக்கவும் திறந்தே உள்ளது.