ஊசி தரலாம், ஸ்டெதஸ்கோப் கூடாதா?

பார்வையற்ற ஒருவரிடம் ஊசியைக் கொடுத்து இன்னொருவர் உடம்பில் குத்தச் சொல்வார்களா? ஜப்பானில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதுதான் நடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி பார்வையற்ற அக்குபங்சர் மருத்துவர். நாட்டை ஆண்ட ஷோகன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தவர், பார்வையற்றவர்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியவர். மெல்லிய குழாயைத் தோல்மீது நிறுத்தி, அதற்கு மேல் துளியூண்டு நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியின் தலையை விரலால் தட்டி இறக்கும் முறை அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. ஊசி வளையாது, வலியும் குறைவு. நல்ல பார்வை உள்ளவர்களும் இன்று அந்தக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். இவ்வளவு நம்பிய நாடுதான், 1948-இல் கொண்டுவந்த மருத்துவர் சட்டத்தில் பார்வையற்றவருக்கு உரிமமே கிடையாது என்று எழுதிவைத்தது. அந்த முழுத் தடை விலக 2001 வரை ஆயிற்று. ஊசி குத்தத் தகுதியுள்ளவர், மனநல மருத்துவராக உட்கார்ந்து நோயாளி பேசுவதைக் கேட்க மட்டும் எப்படித் தகுதியற்றுப் போனார்? வேலையின் அந்தஸ்து கூடக்கூட அவர்மீதுள்ள நம்பிக்கை குறைகிறது என்பதே என் கணிப்பு. மசாஜ் தொழிலில் பார்வையற்றவர்களின் பிழைப்பைக் காக்க, பார்வையுள்ளவர்களுக்கான புதிய பயிற்சிப் பள்ளிகளுக்கு அரசு அனுமதி மறுக்கலாம் என்று 1964-இல் ஒரு விதி வந்தது. 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், ‘உனக்கு இதுதான் தொழில்’ என்று ஊரே தீர்மானிப்பதற்கும் அது வழிவிடுகிறது.

அவசரத்தில் ரத்தம் கொட்டுவதையும் தோல் நீலம் பாய்வதையும் யார் பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அறுவை சிகிச்சை அரங்குக்கு அது பொருந்தும். எல்லா மருத்துவரும் கத்தி பிடிப்பதில்லையே! முற்றிலும் பார்வையற்ற டேவிட் ஹார்ட்மேன் 1976-இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று மனநல மருத்துவரானார். நம் இந்தியாவின் 2019 விதிகளோ, 40 சதவீதமோ அதற்கு மேலோ பார்வைக் குறைபாடு இருந்தால் எம்பிபிஎஸ் இல்லை என்றன. கருவிகளின் உதவியால் அதை 40-க்குக் கீழே கொண்டுவர முடிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பேச்சுக் குறைபாடுள்ள ஒரு மாணவரின் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சதவீதத்தை மட்டும் வைத்து இடத்தை மறுக்கக் கூடாது, படிப்பைத் தொடர முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றது. பார்வைக்கும் அதே அளவுகோல்தானே பொருந்த வேண்டும்?

மருத்துவத்துக்கு வெளியே, படித்து முடித்தாலும், உளவியல் ஆலோசகர், சமூகப் பணியாளர் வேலைகளில் அடுத்த முட்டுக்கட்டை மேஜையிலேயே இருக்கிறது: பார்வையற்றவரால் வாசிக்க முடியாத கோப்புகள். அதை மாற்றச் செலவாகும் என்ற சாக்கு எடுபடாது: திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். கையால் கிறுக்கிய கேஸ் ஷீட்டைப் படமெடுத்து ஏற்றினால் அது திணறும். அதையே தட்டச்சு செய்து ஏற்றினால் கடகடவென்று வாசிக்கும்.