பெய்ரூத்தின் உயர்மாடி விடுதி

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் அமைந்த துறைமுக நகரம் பெய்ரூத். லெபனான் நாட்டின் தலைநகரும் அதுவே. அங்கே 26 மாடிகள் கொண்ட ஹொலிடே இன் விடுதி 1974ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. விருந்தினர்க்குக் கடற்காட்சியை நல்குதலே அதன் உயரத்தின் பயனாகக் கருதப்பட்டது.

1975 ஏப்பிரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒக்டோபரில் அப்போர் விடுதிகள் நிறைந்த கடற்கரைப் பகுதியை எட்டியபோது, அவ்வுயரமே கேடாயிற்று. உச்சியில் நிற்பவன் கீழுள்ள தெருக்களையெல்லாம் காண்பான். கண்டவற்றைக் குறிபார்த்துச் சுடவும் வல்லனாவான். ஆதலின் மேன்மாடங்களைக் கைக்கொள்ளவே இரு தரப்பினரும் பொருதனர். 1976 மார்ச்சில் வலதுசாரிக் கிறித்தவப் படையினரிடமிருந்து இடதுசாரி, பலஸ்தீனக் கூட்டணியினர் அதனைக் கைப்பற்றினர். இதனை 'விடுதிகளின் போர்' என்பர்.

1990இல் போர் ஓய்ந்தது. அயலிலுள்ள பீனிசியா விடுதி புதுக்கப்பெற்று 2000ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. ஹொலிடே இன்னோ குண்டு துளைத்த வெற்றுக் கூடாகவே எஞ்சியது. 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் நிகழ்ந்த துறைமுக வெடிப்பும் அதனை வீழ்த்தவில்லை.

உயரத்தை அமைப்பவர் சிற்பியர். அவ்வுயரம் காட்சிக்கோ கொலைக்கோ என்பதைத் தீர்மானிப்பது நாட்டின் அமைதியேயாகும்.